பதினோரு தூண் தூரம்

வெயில் ஏறிப் பத்து மணி தாண்டினால்தான் அந்தத் தடங்கள் வெளுக்கும். காலையில் பார்த்தால் ஈரச் சேற்றில் பதிந்த சாதாரணக் கால்கள். பதினொரு மணிக்குள் ஓரங்களில் சாம்பல் பூக்கும். உச்சிக்குள் குதிகால், முன்பாதம், ஐந்து விரல் எல்லாம் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக எழுந்து நிற்கும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே, நடுச்சாலில், தோட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் மண்மேட்டிலிருந்து வீட்டைப் பார்த்து வரும். வீட்டிலிருந்து மேட்டுக்குப் போன தடம் ஒன்றுகூட இருக்காது.

கஸ்தூரியம்மாள் உச்சிவேளைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பாள். பந்தலைத் தாங்கும் கல்தூண்கள் ஒரு வரிசைக்குப் பதினேழு. மேட்டிலிருந்து எண்ணுவாள்.

"ஏலே மாரி, இங்கன வா. எண்ணு."

"எண்ணிட்டேன் ஆத்தா."

"எத்தன?"

"பதினொண்ணு."

"மாசி மாசம் ஒம்பதுதான இருந்துச்சு. இப்ப பதினொண்ணு." அவள் விரல்களை மடக்கினாள். "இன்னும் ஆறு தூணு. அடுத்த வருசத் தைக்குள்ள வாசலுக்கு வந்துருவான்."

மாரிசெல்வம் அவளுடைய இளைய மகன். அந்தத் தடங்கள் யாருடையவை என்று அவனுக்குத் தெரியும். அவனுடையவை.

அவர்கள் தோட்டம் தேவாரம் ஊருக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் இருந்தது. வீடும் ஆழ்துளைக் கிணறும் மேல் கோடியில், மேடு கீழ்க் கோடியில். த்ரீ பேஸ் கரண்ட் விடிவதற்கு முன்னால்தான் வரும். தேனிப் பக்கம் நூல் மில்லில் ஆறு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வேலையை விட்டு வந்தவனுக்கு அந்த நேரத்தில் தூக்கம் ஒரு பிரச்சினை இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் கடைசித் தூணை எட்டிவிட்டதா என்று பார்க்க வரப்பு மேலே நடந்து கீழே போவான். திரும்பும்போது களை பிடுங்கிக்கொண்டே நடுச்சால் வழியாக வெறுங்காலோடு வருவான். அவ்வளவுதான் விஷயம். மிதித்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், வெயிலில் காயும், உப்பு தங்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பங்குனியில் அம்மா முதல்முறை அதைப் பார்த்தாள். மேட்டிலிருந்து நாலு தூண் தூரம் வந்து தடம் மறைந்திருந்தது. மண் அதுவரைக்கும்தான் உப்பாகியிருந்தது. அதைப் பார்க்கக் குனிந்தவள், "பெரியவன் வந்துட்டுப் போயிருக்கான்" என்றாள். அன்றைக்கு ராத்திரி சோற்றுக்கு உப்புக் கேட்டாள்.

அது சின்னச் செய்தி இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்து அவள் உப்புத் தின்றதில்லை.

பெரியவன் விஜயகுமார் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். அரபிக்கடலில் ஒரு நாள் காலை ஆளெண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. இரண்டு நாள் தேடியதாகக் கம்பெனி கடிதம் எழுதியது. அடுத்த மாதம் ஒரு நீலப் பையைக் கூரியரில் அனுப்பியது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு வேலைச் சட்டை, பாதிப் பற்பசை, ஒரு சோடி பூட்ஸ். அதைப் பார்த்த அன்றே கஸ்தூரியம்மாள் அடுக்களையில் இருந்த உப்புச் சாடியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள். "என் பிள்ளையத் தின்னது என் வாயில படக் கூடாது" என்றாள்.

அப்பா ராக்கையா வேறு மாதிரி. அவருக்கு ஒரு காரியம் என்றால் முடித்தாக வேண்டும். உடம்பு இல்லாமல் சுடுகாட்டில் குழி வெட்டக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அவர் தோட்டத்தின் கீழ்க் கோடியில் வெட்டி அந்த நீலப் பையைப் புதைக்கச் சொன்னார். அவர்கள் வகையறாவில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். குழிக்கு இரண்டு படி உப்புப் போடுவது வழக்கம். ராக்கையா நாலு மூட்டை கல் உப்பு வாங்கி வந்தார்.

"எதுக்குய்யா இம்புட்டு?" என்று மாரிசெல்வம் கேட்டான்.

"கடல்ல கெடந்தவன். வெறும் மண்ணு ஒத்துக்காது."

அந்தக் கோடியில்தான் தோட்டத்து வடிகால் தொடங்கி ஓடைக்குப் போனது. அதையும் அடைக்கச் சொன்னார். "தண்ணில செத்தவன் மேல தண்ணி ஓடக் கூடாது. அடை." மாரிசெல்வம் கல் அடுக்கி, களிமண் குழைத்துப் பூசி, மேலே மேடு கட்டி அடைத்தான். நன்றாகவே அடைத்தான். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது அவனுக்கு.

விஜயகுமாரின் மனைவி ஜோதிலட்சுமியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் வீட்டில் இருந்தது ஏழு மாதம். அப்பா அவனைப் புதைத்துவிட்டார், அம்மா அவன் வருவான் என்று தாலியைக் கழற்ற விடவில்லை. அவள் தாலியோடு போய் மேட்டில் சூடம் கொளுத்தினாள். ஐந்து வருடமாக இப்படித்தான்.

தடம் தெரிகிற நாளில் அம்மா உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். தெரியாத நாளில் உப்பில்லாத கஞ்சியும் மோரும். மழைக்காலத்தில் தடம் வெளுக்காது. போன ஐப்பசியில் பத்து நாள் விடாமல் பெய்தபோது அடுக்களையில் சுருண்டு விழுந்தாள். பேச்சுக் குழறியது. ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது என்றார் டாக்டர். "இந்த வயசுல இந்த வெரதமெல்லாம் வேணாம். இன்னொரு தடவ இப்படி வந்தா கோமாவுக்குப் போயிருவாக" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாரிசெல்வம் வெயில் வரும்வரை காத்திருந்து, தேவையே இல்லாமல் மோட்டாரைப் போட்டு, நடுச்சாலில் நடந்தான். மறுநாள் அவள் கருவாட்டுக் குழம்பு கேட்டாள்.

அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கொடிகள் செத்துக்கொண்டிருந்தன. முதலில் இலை ஓரம் தீய்ந்தது. அப்புறம் நடுவரை பழுத்துக் கொட்டியது. கீழிருந்து பதினோரு தூண்வரை பந்தலுக்கு மேலே வானம் தெரிந்தது. கவாத்து பண்ணினால் குச்சி குச்சியாக நின்றது, துளிர் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ராஜபாண்டி வரப்பில் நின்று பார்த்தான்.

"ஒங்கண்ணன் கடல்ல இருந்து சும்மா வரலடா. வேட்டிய ஒதறிக்கிட்டே வாரான்."

"போடா."

"நெசமாத்தான்டா சொல்றேன். களை கொத்த வாரவளுக உச்சி நேரத்துல இந்தப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேங்குறாளுக. எனக்கும் சேத்துல்ல நட்டம்."

மாரிசெல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தூண் கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. தடம் ஒரு தூண் முன்னேறினால் ஒரு தூண் கொடி சாகும். அம்மா சொன்னபடி அண்ணன் வாசலுக்கு வந்து சேரும் நாளில் தோட்டத்தில் ஒரு கொடியும் மிஞ்சாது.

மறுநாள் மூன்று பொட்டலம் மண்ணும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினான்.

மண் பரிசோதனைக் கூடத்தில் சொர்ணலதா என்றொரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பதினேழாவது தூண், எட்டாவது தூண், மேட்டடி என்று எழுதியிருந்த பொட்டலங்களைத் தனித்தனியாகக் கரைத்து மீட்டரை விட்டாள். மேட்டடி மண்ணுக்கு மீட்டரை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள்.

"ஏண்ணே, இது தோட்டமா, தூத்துக்குடி உப்பளமா?"

"தோட்டந்தான்."

"கடல் ஏன் உப்பா இருக்குன்னு தெரியுமா?"

அவன் வீட்டில் ஐந்து வருடமாக யாரும் சொல்லாத சொல் அது. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "மீனு மூத்திரம் பேயுதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னானுக" என்றான்.

அவள் சிரித்தாள். "எல்லாம் மலையில இருந்து போறதுதாண்ணே. மழைத்தண்ணியில லேசா புளிப்பு இருக்கும். பாறைய அரிச்சுக்கிட்டே எறங்கும். ஆத்துல அந்த உப்பு நாக்குக்குத் தெரியாது, ஆனா இருக்கும். கடலடி வெடிப்புல இருந்து வேற கொஞ்சம் வரும். எல்லாம் ஒரே எடத்துல போயிச் சேருது. வெயிலு தண்ணிய மட்டும்தான் தூக்கிட்டுப் போகும். உப்பத் தூக்காது. தண்ணி மேகமாயி, மழையாயி, திரும்ப ஒங்க மலைக்கு வந்துரும். உப்பு வராது. கோடி கோடி வருசமா அதே வேல. அதான் லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராமு ஏறிக் கெடக்கு."

"அதுக்கும் எங்க தோட்டத்துக்கும் என்ன?"

"ஒங்க போர்த் தண்ணியில லிட்டருக்கு ஒண்ணரை கிராம் இருக்கு. ரெண்டு ஏக்கருக்கு வருசத்துக்கு எவ்வளவு பாய்ச்சுவீங்க?" கால்குலேட்டரில் தட்டினாள். "ஏழு டன்னு. மூட்டைக் கணக்குல நூத்தி நாப்பது மூட்டை உப்பு. ஒங்க மோட்டாரு போடுறது. தண்ணிய வெயிலு எடுத்துக்குது, கொடி எடுத்துக்குது. உப்பு எங்க போகும்? வடிகால் எங்க இருக்கு?"

"அடைச்சுட்டோம்."

"எதுக்கு?"

"அங்கன ஒரு ஆளப் பொதைச்சிருக்கோம்."

சொர்ணலதா பேனாவை வைத்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "குழிக்கு நாலு மூட்ட உப்புப் போட்டோம். அதனாலயா?"

"நாலு மூட்டையெல்லாம் இதுல ஒண்ணுமே இல்லண்ணே. வழிய அடைச்சதுதான். உள்ள வர வழி இருக்கு, வெளிய போக வழி இல்ல. கடலும் அப்படித்தான். நீங்க வீட்டுப் பக்கத்துல சின்னதா ஒண்ணு செஞ்சு வச்சிருக்கீங்க." அவள் தாளில் எழுதிக் கொடுத்தாள். "வடிகாலத் தோண்டுங்க. போர்த் தண்ணி வேணாம், நல்ல தண்ணியா மூணு தடவ தேக்கி வடிய விடுங்க. பதினெட்டாம் கால்வாயில தண்ணி விட்டு ஒங்க கண்மாய் நெறையுதுல்ல, அதப் பிடிங்க. இந்த வருசம் விட்டா அப்புறம் மண்ணு இறுகிரும். தண்ணியே எறங்காது."

திரும்பி வரும் பஸ்ஸில் போடி தாண்டியதும் மலை வலது பக்கமாக வந்தது. உச்சியில் மழை. அந்தப் பக்கம் இறங்குகிற தண்ணீர் கேரளா வழியாக அரபிக்கடலுக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் கடைசியாக வாயில் வாங்கிய தண்ணீரில் இந்த மலையும் கொஞ்சம் கரைந்திருந்திருக்கும். அவன் ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டான்.

வீட்டில் ராக்கையா வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மாரிசெல்வம் தாளை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"படிச்சுச் சொல்லு."

சொன்னான். கண்மாய் மடையில் பத்து நாள்தான் தண்ணீர் தருவார்கள் என்றும் சொன்னான்.

"ஏன் பிள்ள மேல தண்ணிய விடணும்ங்குற."

"தோட்டம் போயிரும்யா."

"போகட்டும்."

"போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றது? மறுபடியும் நான் மில்லுக்குப் போகவா?"

"போயேன். பாதியில ஓடி வந்தவன்தான நீ. அவன் பாதியில வரல."

அடுக்களைக் கதவில் ஜோதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கரண்டி கையில் இருந்தது.

"மாமா, உள்ள இருக்கது மூணு சட்டையும் ஒரு சோடி பூட்ஸும். அதுக்கு மேல தண்ணி போனா என்ன, போகாட்டி என்ன? தம்பி தோண்டட்டும்."

ராக்கையா மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் இந்த வீட்டில் அவரிடம் இத்தனை சொல் சேர்த்துப் பேசியதில்லை. அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து கஸ்தூரியம்மாள் வந்தாள். "எங்க தோண்டப் போறிய? அவன் வார வழியையா?"

அப்போதுதான் மாரிசெல்வம் அதைச் சொன்னான். சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அது அண்ணன் இல்ல ஆத்தா. நான். தெனமும் தண்ணி பாத்துட்டுச் சாலு வழியா வாரேன்ல, ஏங் காலுதான் அது. மண்ணு உப்பு. காஞ்சா வெளுக்குது."

கஸ்தூரியம்மாள் அவன் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஒங் காலு இம்புட்டு அகலம் இல்லடா."

"உப்பு ஓரத்துல படருது ஆத்தா. அதனால அகலமாத் தெரியுது."

"பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் காலு ஒங்கய்யா காலு. மம்பட்டி மாதிரி இருக்கும். ஒனக்கு எங்கப்பன் காலு."

மறுநாள் விடிந்ததும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அவள் கண்ணுக்கு முன்னால் ஈரச் சாலில் ஒரே ஒரு தடம் பதித்தான். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டான். இரண்டு பேரும் தூண் நிழலில் உட்கார்ந்தார்கள். ஜோதிலட்சுமி ஒரு தடவை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவளும் நின்று பார்த்தாள். மணி பத்தானது. ஓரம் சாம்பல் பூத்தது. உச்சிக்கு வெள்ளையாக நின்றது.

"பாத்தியா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சரி, இது ஒன்னோடது" என்றாள். எழுந்து சேலையைத் தட்டினாள். "அப்ப அவன் இன்னும் கெளம்பவே இல்லையா?"

அன்று ராத்திரி கஞ்சிக்கு உப்புக் கேட்கவில்லை.

கண்மாய் மடை திறந்த அன்று மாரிசெல்வம் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கீழே போனான். ராக்கையா தடுக்கவில்லை. பின்னாலேயே வந்து வரப்பில் நின்றார். ஜோதிலட்சுமி ஒரு சட்டியோடு வந்து நின்றாள். சூடம் கொளுத்தவில்லை யாரும்.

மேடு சீக்கிரம் இடிந்தது. உள்ளே மண் களியாகக் கருத்துக் கிடந்தது. இடுப்பளவு போனதும் நீலப் பை தட்டுப்பட்டது. ஜிப்பு துருப்பிடித்து உடைந்தது. சட்டைகள் கையில் எடுத்தால் நூல்நூலாக வந்தன. வேலைச் சட்டையின் பித்தான்கள் மட்டும் புதிதாக இருந்தன. பூட்ஸ் இரண்டும் விறகுக்கட்டை போல இறுகிக் கிடந்தன.

ராக்கையா குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உப்பு எங்கடா?"

"இல்லய்யா."

"நாலு மூட்டைடா. நானே அவுத்துக் கொட்டுனேன்."

"அஞ்சு வருசமாச்சு. தண்ணியோட தோட்டத்துக்குள்ள போயிருச்சு."

அவர் நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தார். பதினோரு தூண், பட்ட கொடிகள், வெள்ளை படர்ந்த தரை. எதையோ கண்டவர்போல ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக் குழிக்குள் இறங்கினார். மகன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி, வடிகால் வாயில் அவன் அடுக்கியிருந்த கற்களை நெம்பினார். லேசில் வரவில்லை.

"நல்லாத்தான் அடச்சிருக்க" என்றார். ஐந்து வருடத்தில் அவனை அவர் பாராட்டியது அது ஒன்றுதான்.

ஜோதிலட்சுமி பூட்ஸ்களை எடுத்துச் சட்டியில் வைத்தாள்.

"அது எதுக்குத்தா?" என்று ராக்கையா கேட்டார்.

"மத்ததெல்லாம் போகட்டும் மாமா."

சட்டை நூல்களைத் திரும்பக் குழியில் போட்டார்கள். மாரிசெல்வம் மேல் மடையைத் திறந்தான். கண்மாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் சால்களில் இறங்கி, பந்தலடியில் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. மறுநாள் காலை, வடிகால் வாயில் தேக்குவதற்காகப் போட்டிருந்த மண் அணையை உடைத்துவிட்டான். நுரையோடு, அழுக்குச் சவுக்காரத் தண்ணீர்போலப் போனது. குழிக்கு மேலேயே போனது. நூல்கள், பித்தான்கள், எதுவும் அங்கே நிற்கவில்லை. ராக்கையா ஓடைவரை அதன் கூடவே நடந்துபோனார்.

"இது எங்க போயிச் சேரும்?"

"ஓடையில இருந்து ஆத்துக்கு. அப்புறம் வைகை."

"வைகை கடலுக்குப் போகுதா?"

"வெள்ளம் வந்தாப் போகும். இல்லாட்டி ராமநாதபுரத்துக் கண்மாயோட நின்னுரும்."

"நிக்கக் கூடாது" என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மூன்று முறை தேக்கி மூன்று முறை வடித்தார்கள். மாரிசெல்வம் மறுபடி மண் கொண்டுபோனான். சொர்ணலதா மீட்டரைப் பார்த்து, "பாதிக்கு மேல எறங்கிருச்சுண்ணே" என்றாள். கார்த்திகைக் கடைசியில் ஏழாவது தூணில் ஒரு கொடியின் முட்டில் பச்சை எட்டிப் பார்த்தது. மிளகு அளவு. அவன் அதைத் தொடவில்லை.

வெயில் நன்றாக அடித்தது. அவன் தண்ணீர் பார்த்துவிட்டுப் பழையபடி நடுச்சாலில் நடந்துவந்தான். உச்சிக்குத் தடங்கள் காய்ந்து, வெடித்து, மண் நிறத்திலேயே கிடந்தன. கஸ்தூரியம்மாள் தினமும் வந்து பார்த்தாள். எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஒரு வாரம் உப்பில்லாக் கஞ்சி. அடுத்த வாரம் கஞ்சியும் பாதி. ஜோதிலட்சுமி ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் மோரில் ஒரு கல் உப்புப் போட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மாரிசெல்வத்தைப் பார்த்து, "தம்பி யாரு? எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் மதினி" என்றான்.

"போயி? ஊசி போட்டு அனுப்புவாக. அப்புறம்?" என்றாள் ஜோதிலட்சுமி. அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டி சொல்லிவிட்டு மாரிசெல்வம் திரும்பி வந்தபோது உச்சி ஆகியிருந்தது. வாசலில் கஸ்தூரியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். குழம்பு தாடையில் வழிந்தது. ராக்கையா எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே மாரி, போயிப் பாரு. இது அவன் காலு. எந்திரிச்சு வந்துட்டான்" என்றாள். "ஆத்தா ஜோதி, இன்னுங் கொஞ்சம் உப்புப் போடு."

மாரிசெல்வம் பந்தலுக்குள் போனான். தடங்கள் வெள்ளையாக இருந்தன. மேடு இருந்த இடத்திலிருந்து வரவில்லை, நடுவில் தொடங்கின. பன்னிரண்டாவது தூணில் முடிந்தன. ஒன்பது தடம். அன்றைக்குக் காலை அவன் தோட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

குத்தவைத்து விரலால் தொட்டான். பொருக்காக இல்லை, மாவாகவும் இல்லை. கரகரவென்று கல்லாக இருந்தது. நாக்கில் வைத்தான். மண்ணிலிருந்து ஏறுகிற உப்பு லேசாகக் கசக்கும், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இது கசக்கவில்லை. சாப்பாட்டு உப்பு. இடித்துத் தூவி, கையால் அமுக்கிவிட்டிருந்தது.

வீட்டுக்குப் பின்வழியாகப் போனான். அடுக்களையில் ஜோதிலட்சுமி இல்லை, வாசலில் பரிமாறிக்கொண்டிருந்தாள். உப்புச் சாடி திறந்து கிடந்தது, பாதிக்குமேல் காலி. பக்கத்தில், அம்மிக்கு மேலே, பூட்ஸின் உள்ளிருந்து உரித்தெடுத்த தோல் அட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வருடக்கணக்கில் மிதிபட்டு அதில் குதிகாலும் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அந்தத் தடத்தின் ஓரமாகவே யாரோ கத்தரியால் அளவாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓரமெல்லாம் உப்பு ஒட்டியிருந்தது.

அவன் அதைத் தொடாமல் வெளியே வந்தான். ஜோதிலட்சுமி சட்டியோடு எதிரே வந்தாள். விரல் இடுக்கெல்லாம் அவளுக்கு வெளுத்திருந்தது. தாலிக் கயிற்றை இடது கையால் ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"வண்டி வேண்டாம்னு சொல்லிருங்க தம்பி. அத்தை சாப்பிட்டுட்டாக."

"சரி மதினி."

"கொடிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? ரெண்டு படிதான் போட்டேன்."

"ஆகாது. வடிகால் இருக்கு."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மாரிசெல்வம் மறுபடி பந்தலுக்குள் போனான். கொடியடியில் இருந்து உப்பைக் கொஞ்சம் தள்ளிவிடலாம் என்றுதான் போனான். பன்னிரண்டாவது தூணடியில் கடைசித் தடம், வலது கால். செருப்பைக் கழற்றினான். அதன்மேல் தன் வலது காலை வைத்தான். குதிகாலைச் சரியாகப் பொருத்தினான்.

விரல்கள் எட்டவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நின்றது.